ஒற்றைப்பல் கோட்டை இறங்கிப் போன வருடம்

ஒற்றைப்பல் கோட்டை தன் குன்றைவிட்டு இறங்கத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஒன்பதே கால் மணிக்கு அதை முதலில் கண்டவள் தவமலர், ஏனென்றால் அந்த நேரத்தில் அந்த வளைவில் வருகிற வாகனம் அவளுடைய மஞ்சள் மினிபஸ் ஒன்றுதான். எண்ணூறு வருடமாக உச்சியில் நின்ற கோட்டை உச்சிக்குச் சற்றுக் கீழே, பார்லி வயலின் ஓரத்தில் நின்றது, அது முன்பு நின்ற இடம் பல்லுப் பிடுங்கின குழிபோல ஈரமாகத் தெரிந்தது. தவமலர் கியரைக் குறைத்தாள், மைக்கை வாய்க்குக் கிட்டே எடுத்தாள், வலது பக்கம் தெரிவது ஐந்தாவது கோட்டை, இன்றைக்கு அது வழக்கமான இடத்தைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிறது என்று ஜேர்மன் மொழியில் அறிவித்தாள். பயணிகள் பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ஒரு பெரியவர் அடுத்த நிறுத்தத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்று அவள் சொன்னாள், பஸ் போனது.

அந்தப் பாதைக்கு ஏழு கோட்டைச் சாலை என்று பெயர். ஐம்பத்தெட்டுக் கிலோமீற்றர் நீளம், குன்றுகளுக்கு இடையில் ஏறி இறங்கி, ஆற்றை நாலு தடவை கடந்து, ஏழு கோட்டைகளையும் ஒன்பது ஊர்களையும் தொட்டுப் போகிற சாலை அது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பியர்சாலை உண்டு, ஒவ்வொரு பியர்சாலையும் தன் ஊர்த் தண்ணீரில்தான் வடிக்கும், ஒன்றின் சுவை இன்னொன்றில் வராது. வருகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரு குவளை குடிக்க ஆசைப்படுவார்கள், குடித்தால் வாகனம் ஓட்ட முடியாது, அதற்காகத்தான் பஸ். தவமலர் பியரை வாயில் வைத்தவளில்லை. ஆனால் ஏறுகிறவர்களின் மூச்சைக் கொண்டே இவர் மூன்றாவது ஊரில் குடித்தவர், இவர் ஆறாவது ஊரில் குடித்தவர் என்று சொல்லிவிடுவாள். கோட்டைகளின் சொந்தப் பெயர்கள் அவளுடைய நாக்கில் முள்ளாய்க் குத்தியதால் அவற்றுக்குத் தானே பெயர் வைத்திருந்தாள். சனிக்கிழமை தவறாமல் திருமணம் நடக்கிற கோட்டை கலியாணவீடு. புகைபோக்கிகள் நிறைந்தது அடுப்படி. கூரை போய், சுவர் போய், ஒரு கோபுரமும் ஒரு வாசலும் இரண்டு சுவர்த்துண்டுகளும் மட்டும் மிஞ்சிய ஐந்தாவது கோட்டை, ஒற்றைப்பல்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் இந்த மலைநாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பையும், நெஞ்சில் ஒரு கணக்கும் இருந்தன. கணக்கு இதுதான்: குணசீலன் இருக்கிறார் என்றால் எங்கேயோ இருக்கிறார். ஊரில் போரின் கடைசிச் சண்டை நடந்த வருடம், சனத்தோடு சனமாக அவர்கள் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம், வெறும் பிளாஸ்ரிக் கானை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனவர் அவளுடைய கணவர் குணசீலன். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை, கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள், சொன்னவர்கள் எல்லாரும் வெவ்வேறு இடம் சொன்னார்கள். ஊரில் இருக்கிற அவருடைய தாய், பூரணம் மாமி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி எடுப்பாள். ஏதாவது தெரிஞ்சுதோ என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்பார்கள், இல்லை என்று இருவரும் சொல்வார்கள், பிறகு மழையைப் பற்றிக் கதைப்பார்கள்.

அவள் குடியிருந்தது எல்ஸ்பாக் என்ற ஐந்தாவது ஊரில், லோரென்ஸின் பியர்சாலைக்கு மேல்மாடியில். லோரென்ஸ் மனைவியை இழந்தவர், ஐம்பத்தெட்டு வயது, பேச்சு குறைவு, பார்லியை முளைகட்டப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து அது முளைப்பதைக் கேட்கிற மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம், படியில் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது, வழிப்பதை நிறுத்திவிட்டு, என்னைக் கலியாணம் செய்வீர்களா என்று அவளைக் கேட்டார். எனக்குக் கணவர் இருக்கிறார் என்றாள். தெரியும் என்றார். கணவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தாலன்றி இன்னொரு திருமணத்துக்கு வழியில்லை, அதற்கு மனைவிதான் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தத் தாள் இரண்டு வருடமாக அவளுடைய மேசை இழுப்பறையில் கிடந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை, பனியைத் தொடர்ந்து வழித்தார், அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுடைய படியில் பனி நின்றதில்லை.

கோட்டை ஒரு நாளைக்கு இருபது மீற்றர் வந்தது. மணிக்கூட்டின் பெரிய முள் போலத்தான், பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது தெரியாது, வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் நகர்ந்திருப்பது தெரியும். வைகாசியில் வயலைத் தாண்டிச் சாலைக்கு வந்து சேர்ந்தது, வந்த பிறகு சாலையிலேயே, வலது பக்கத்தை ஒட்டி, பாதி உடலை வயலோரத்தில் வைத்து, மற்ற வாகனங்கள் கடந்துபோக இடம்விட்டு வந்தது. வீதித் திணைக்களத்தார் இருவர் வந்து அளந்தார்கள், மெதுவாகப் போகிற உழவு இயந்திரங்களுக்குக் கட்டுகிற சிவப்பு முக்கோணத்தைக் கோபுரத்தின் பின்பக்கம் மாட்டிவிட்டுப் போனார்கள். கோபுரப் பொந்துகளில் இருந்த காகங்கள் முட்டையோடு கூடவே வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை நகரவில்லை, அதைக் கவனித்த பாதிரியாருக்கு அதன்மேல் ஒரு மதிப்பு வந்தது. தொண்ணூற்றொரு வயதுச் செல்மா, பிறந்த நாளிலிருந்து சமையலறை யன்னலில் அந்தக் கோட்டையைப் பார்த்துக் காப்பி குடித்தவள், ஆனியில் யன்னலுக்கு நேரே அது தெரியாமல் போனபோது, கதிரையைத் தூக்கிக்கொண்டு முன் வாசலுக்கு மாறினாள், அங்கிருந்து அது இன்னும் பெரிதாகத் தெரிவதாகச் சொன்னாள். லோரென்ஸ் உட்கார நீளமான இரண்டு வாங்குகளையும் ஒரு பீப்பாயையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பின்னேரங்களில் கோட்டை நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோவார். ஊர்ச்சனம் வேலை முடிந்து வந்து, அதன் நிழலில் இருந்து, கறுத்த பியர் குடித்து, மழையையும் விளைச்சலையும் பேசிவிட்டுப் போகும், மறுநாள் அந்த வாங்குகளை இருபது மீற்றர் தள்ளிப் போடுவார்.

எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் முதல் மாதங்களில் ஊரைக் குடைந்தது. பயணிகள் கேட்டார்கள், பத்திரிகைக்காரர் கேட்டார்கள், வாங்கில் இருந்தவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கோபுரத்தையே கேட்டார்கள். ஒரு பின்னேரம் தவமலர், பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு அவர்களோடு இருந்தபோது, எங்கள் ஊரில் வெளிக்கிட்டுப் போகிறவரை எங்கே போகிறீர் என்று பின்னால் நின்று கேட்கமாட்டோம், கேட்டால் போகிற காரியம் சரிவராது என்றாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாங்கில் இருந்தவர்கள் அதை யோசித்தார்கள், அது நல்ல மரியாதையான பழக்கம் என்று பட்டது, அன்றிலிருந்து எல்ஸ்பாக்கில் யாரும் கோட்டையிடம் அதைக் கேட்கவில்லை, கொஞ்ச நாளில் சந்தைக்குப் போகிறவர்களையும் தேவாலயத்துக்குப் போகிறவர்களையும் கேட்பதை விட்டார்கள், கணவன்மாருக்கு அது வசதியாக இருந்தது என்று பெண்கள் சொன்னார்கள்.

ஆவணியில்தான் சிக்கல் வந்தது. கோட்டை ஊரின் வாயிலுக்கு அறுநூறு மீற்றர் தூரத்தில் இருந்தபோது, அளவெடுப்பவர் சொன்ன செய்தி இது: கோட்டையின் அகலம் ஒன்பது மீற்றர், ஊருக்குள் தேவாலய மதிலுக்கும் லோரென்ஸின் பியர்சாலைக்கும் நடுவில் சாலை எட்டு மீற்றர்கூட இல்லை. அங்கே தெருவுக்குள் துருத்திக்கொண்டு நிற்பது லோரென்ஸின் தகப்பன் தன் கையால் கட்டிய குளிரறை, பீப்பாய்கள் மாதக்கணக்காய் உறங்குகிற கல் அறை. ஊர்த்தலைவி ஹில்ட்ரூட் பியர்சாலை மண்டபத்தில் கூட்டம் கூட்டினாள். அவள் நல்ல பெண், நேரே பேசுகிறவள். கோட்டை இந்தச் சாலையைவிட்டுப் போனால் இது ஆறு கோட்டைச் சாலை, ஆறு கோட்டைக்கு யார் வருவார்கள், வராவிட்டால் பஸ்ஸும் நின்றுவிடும் என்றாள். ஆகவே ஊர் வாயிலில், வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், கொங்கிறீட் கட்டைகளை அடுக்கி அதை அங்கேயே நிறுத்தலாம், அதற்கும் ஓய்வு, நமக்கும் வசதி. கை தூக்கச் சொன்னாள். மண்டபத்தில் முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன. அவற்றில் முதலில் எழும்பியது தவமலரின் கை.

தன் கை எழும்பிய வேகம் அவளுக்கே தெரியவில்லை. பஸ் நின்றுவிடும் என்ற பயத்தால் அல்ல. ஐந்து மாதமாக, ஒரு நாளைக்கு நாலு தடவை, அந்த வளைவைக் கடந்த ஒவ்வொரு முறையும், நில், நில் என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் ஓட்டினாள்.

அப்போது லோரென்ஸ் எழும்பினார். குளிரறையைத் தான் இடித்துவிடுவதாகச் சொன்னார். ஹில்ட்ரூட் அவருடைய தகப்பனாரை நினைவுபடுத்தினாள். அவர் சொன்னார், "அப்பா கட்டியதைப் போல இன்னொன்றை நான் கட்டலாம். கோட்டை எண்ணூறு வருடத்தில் ஒருமுறைதான் இறங்கியிருக்கிறது." அவ்வளவுதான். தன் சுவரைத் தான் இடிக்கிறவனை மறிக்க ஊருக்கு உரிமையில்லை, தன் வழியில் போகிற கோட்டையை மறிக்க உரிமை இருக்கிறதா என்று தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக யோசித்து இறங்கின. கடைசிவரை இறங்காமல் நின்றதும் தவமலரின் கைதான்.

மறுநாள் காலை அவள் படியிறங்கி வந்தபோது லோரென்ஸ் குளிரறையிலிருந்து பீப்பாய்களை உருட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு இந்த நாட்டில் முதன்முதலாகக் கோபம் வந்தது, கோபத்துக்கு உரிய சொற்கள் ஜேர்மன் மொழியில் அவளிடம் இல்லை, அகப்பட்டதை எடுத்து எறிந்தாள். போகிறதை எல்லாம் விடுகிறவர் நீங்கள், உங்களுக்கு என்ன தெரியும், உங்கள் மனைவிக்கு ஒரு கல்லறை இருக்கிறது, பூ வைக்கிறீர்கள், நான் எங்கே வைக்கிறது என்றாள். அவர் பீப்பாயை நிறுத்தி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் நிறுத்தவில்லை. பதினாறு வருடமாக மாமிக்குக்கூடச் சொல்லாததைச் சொன்னாள். அந்த மத்தியானம் குணசீலன் கானோடு நடந்தபோது, தான் பின்னால் நின்று, எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டதைச் சொன்னாள். கேட்டேன், என் வாயால்தான் கேட்டேன், அதனால்தான் அவர் வரவில்லை என்றாள்.

லோரென்ஸ் அப்படி இல்லை என்று சொல்லவில்லை. "அவர் என்ன பதில் சொன்னார்?" என்று கேட்டார்.

தன் கேள்வியைத் தவமலர் இத்தனை வருடமும் சுமந்திருந்தாள், அதற்கு ஒரு பதில் இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. இப்போது வந்தது. அன்று குணசீலன் திரும்பினார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கானை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, திரும்பி, அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"உதிலதான், கிட்டத்தான். நீர் உந்த நிழலுக்க இரும்."

அவள் கேட்டிருக்காவிட்டால் அவர் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். அந்த முகம் அவளிடம் இருந்திருக்காது. அதை லோரென்ஸிடம் எந்த மொழியில் சொல்வதென்று தெரியாமல், பீப்பாயின் மற்றப் பக்கத்தைப் பிடித்து அவரோடு சேர்ந்து உருட்டினாள்.

இடிக்க மூன்று கிழமை எடுத்தது. கை தூக்கியவர்களே வந்து கல் சுமந்தார்கள், ஹில்ட்ரூட் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள், கற்களுக்கு ஒவ்வொன்றாய் இலக்கம் எழுதி வயலில் அடுக்கினார்கள். புரட்டாதி மாதம், ஒரு வியாழக்கிழமை, கோட்டை அந்த ஒடுக்கத்துக்குள் நுழைந்தது. ஊர் மின்கம்பிகளைக் கழற்றியிருந்தது, பூச்சட்டிகளை உள்ளே எடுத்திருந்தது, பள்ளிக்கூடம் விட்டிருந்தது. யாரும் பேசவில்லை, வாத்தியம் வாசிக்கலாம் என்று முதலில் எண்ணியவர்களும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் தேவாலய மதிலுக்கு நாலு விரல், மறுபக்கம் பியர்சாலைக்கு நாலு விரல், நடுவில் கோட்டை ஒரு கல் உரசாமல் போனது. செல்மாவின் கதிரையைத் தூக்கிவந்து பியர்சாலை வாசலில் வைத்தார்கள், கோட்டை அவளுக்கு நேரே வந்தபோது தன் காப்பிக் கோப்பையை மடியில் வைத்துவிட்டு, தொண்ணூற்றொரு வருடமாகத் தூரத்தில் பார்த்ததைத் தொட்டுப் பார்த்தாள். தவமலரும் தொட்டாள். கல் குளிரும் என்று நினைத்தாள். நெடுந்தூரம் ஓடிவந்த என்ஜினைப் போலச் சூடாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை, கோட்டைதான் அவளுடைய கையிலிருந்து மெல்ல, விரல் விரலாக, விலகிப்போனது, நில் என்று சொல்ல ஒரு நாள் முழுவதும் நேரம் இருந்தது, அவள் சொல்லவில்லை.

கார்த்திகையில் அது ஆற்றைக் கடந்தது, முதல் பனி விழுந்த கிழமை எதிர்க் குன்றின் உச்சியில் வானத்தில் நின்றது, அதற்கடுத்த நாள் சிவப்பு முக்கோணம் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. மலைக்கு அப்பாலிருந்த ஊரார் இரண்டு தடவை தொலைபேசியில் சொன்னார்கள், இப்போது எங்கள் பக்கம் வருகிறது, நல்லபடியாக இருக்கிறது என்று. அதன் பிறகு செய்தி இல்லை. சாலைக்குப் பெயர் மாற்றவில்லை. கோட்டை இருந்த காலத்தைவிட இல்லாத காலத்தில்தான் சனம் கூடுதலாக வந்தது. வந்து, குன்றில் ஏறி, அந்த வெறும் குழியைச் சுற்றி நின்று, தாங்கள் தாங்கள் யாரை நினைத்தார்களோ அவர்களை நினைத்துவிட்டு, இறங்கிவந்து லோரென்ஸின் பியரைக் கேட்டார்கள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமி தொலைபேசி எடுத்தாள். ஏதாவது தெரிஞ்சுதோ என்று கேட்டாள், இல்லை மாமி என்றாள் தவமலர், அங்கே ஏதாவது என்று அவளும் கேட்டாள், இல்லைப் பிள்ளை என்றாள் மாமி. மழைக்குப் போகவேண்டிய இடத்தில் தவமலர் மழைக்குப் போகவில்லை. இழுப்பறையில் கிடந்த தாளைப் பற்றிச் சொன்னாள். லோரென்ஸைப் பற்றிச் சொன்னாள். கையெழுத்து வைத்தால் அவர் செத்துப்போனார் என்று நான் சொன்னதாகிவிடும் மாமி என்றாள். மறுமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் தெருவால் போகிற சத்தம் கேட்டது, அது போய் முடிந்ததும் மாமி சொன்னாள்.

"தாளில வைக்கிற கையெழுத்து அரசாங்கக் கச்சேரிக்காரருக்குப் பிள்ளை. அவன் வந்தா வரட்டும், நான் இஞ்ச இருக்கிறன்தானே. ரெண்டு பேரும் வாசல்ல நிக்கத் தேவையில்லை."

தவமலர் மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

"அந்த மனுசன் பக்கத்தில நிக்கிறாரோ?" என்று மாமி கேட்டாள். "குடு. நான் கதைக்கவேணும்."

அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது மாமி என்றதற்கு, நான் அவரையோ கதைக்கச் சொன்னனான், நான்தானே கதைக்கப்போறன் என்றாள் மாமி. லோரென்ஸ் கீழே புதுக் குளிரறையின் சுவருக்கு இலக்கம் பார்த்துக் கல் வைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினார், கவிழ்த்துப்போட்ட பீப்பாய் ஒன்றில் இருந்தார். பத்து மணிக்குக் கலியாணவீட்டுக் கோட்டையிலிருந்து பயணிகளை ஏற்ற வேண்டும், தவமலர் இருவரையும் அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸை எடுத்தாள்.

திரும்பி வந்தபோது பதினொன்றே முக்கால். லோரென்ஸ் அப்போதும் அதே பீப்பாயில்தான் இருந்தார், தொலைபேசி அப்போதும் காதில்தான் இருந்தது, அவருடைய தாடி நனைந்திருந்தது. அவளைக் கண்டதும் தொலைபேசியை நீட்டினார். அவருக்கு என்ன விளங்கியது என்று கேட்டாள். ஒரு பெயர் மட்டும் விளங்கியது என்றார், குணசீலன், நிறையத் தடவை வந்தது, வந்த ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் குரல் வேறு வயதில் இருந்தது என்றார்.

அவள் தொலைபேசியைக் காதில் வைத்தாள். என்ன மாமி இவ்வளவு நேரம் கதைச்சனீங்கள் என்று கேட்டாள். மாமிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அவன் பிறந்த நாளில இருந்து சொன்னனான். தவழ்ந்தது, பள்ளிக்குப் போகமாட்டன் எண்டது, உன்னைக் கட்டிக்கொண்டு வந்தது, எல்லாம். நல்லாக் கேட்டவர். ஒரு இடத்திலயும் குறுக்க கதைக்கேல்லை." மாமி மூச்சு வாங்கினாள். "இனி அந்த வீட்டிலயும் அவனைத் தெரிஞ்ச ஒருத்தர் இருப்பார் பிள்ளை. நீ தனிய நினைச்சுக்கொண்டு இருக்கத் தேவையில்லை."